ஐந்தாக வெட்டிய நாவல்

1

“அந்தர் க்யா ஹை?”

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார், தபால் நிலையக் கவுண்டரில் இருந்தவர். கிதாப், புத்தகம் என்றேன். அவர் உறையை விரலால் தடவிப் பார்த்தார். முன்னட்டை இல்லை, பின்னட்டை இல்லை, முதுகு இல்லை. மூலையில் ஏதோ கயிற்று முடிச்சு வேறு தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

“யே தோ ஆதி கிதாப் ஹை, மேடம்.”

இது பாதிப் புத்தகம்தானே என்கிறார். பாதிகூட இல்லை ஐயா, ஐந்தில் ஒரு பங்கு என்று திருத்திச் சொல்ல ஆசைதான். தில்லிக்கு வந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. இந்தியில் சண்டை போடுவேன், பேரம் பேசுவேன், கனவுகூடக் கண்டிருக்கிறேன். பின்னங்கள் மட்டும் இன்றுவரை வசப்படவில்லை. ‘டேட்’ என்றால் ஒன்றரை, ‘டாயி’ என்றால் இரண்டரை. காய்கறிக்காரரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்குப் பையை விரிக்கிறவள் நான். ஆகவே, ஆமாம், பாதிதான் என்று ஒத்துக்கொண்டேன்.

மனிதர் விடவில்லை. முகவரியைப் படித்தார். சென்னை. “தமிழ் கிதாப், சென்னைக்கா? அங்கே கிடைக்காதா?” என்று இந்தியில் கேட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாயா என்பதைத்தான் அவர் பாஷையில் கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவர் “ஜல்தி, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார். நான் ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் அதே கேள்வி வரும். தில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு தமிழ் நாவலை, அதுவும் கூறு போட்டு, எதற்காக அனுப்ப வேண்டும்?

2

நான் கோமதி. சங்கரன்கோயில்காரி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, இப்போது செக்‌ஷன் ஆபீசர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நான், வீட்டுக்காரர், மகள் சங்கரி. மகள் இப்போது இங்கே இல்லை. அந்தக் கதைக்குத்தான் வரப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் ஆர்.கே.புரத்தில் வெங்கட்ராமன் சார் வீட்டில் கூடுவோம். ஒரு தமிழ் நாவலை எல்லோரும் படித்துவிட்டுப் பேசுவது வழக்கம். வெங்கட்ராமன் சாருக்குத் தஞ்சாவூர். மலை மந்திரில் முருகனைப் பார்த்துவிட்டு நெற்றியில் விபூதியோடு வந்து உட்காருவார். மேரி அக்கா நாகர்கோவில், ஆஸ்பத்திரி நர்ஸ். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேரே வருவார். பழனிச்சாமி அண்ணனுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம். லோதி ரோட்டில் ஆபீஸ். இத்தனை வருஷம் தில்லித் தண்ணீர் குடித்தும் நாலு பேர் தமிழும் நாலு திசையில்தான் ஓடுகிறது. ‘அச்சா’ மட்டும் எல்லோருக்கும் பொது.

போன வருஷம் எங்கள் கைக்கு ஒரு பழைய நாவல் வந்தது. நெல்லையில் பழைய புத்தகக் கடையில் என் அக்கா வாங்கி, ரயிலில் வந்தவரிடம் கொடுத்தனுப்பியது. இப்போது அச்சில் இல்லை. ஒற்றைப் பஸ் வைத்து ஓட்டுகிற ஒரு குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, பெரிய மகன், மருமகள், கடைசி மகள் கனகு என்று ஐந்து பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தலைப்பே அவர்கள் பெயர்தான்.

இப்படிப் பலர் சொல்கிற நாவல்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஒரே ஆள் கதை சொன்னால் அவர் வைத்ததுதான் சட்டம். நாலைந்து பேர் சொல்ல ஆரம்பித்தால் ஆபீஸ் ஃபைல் மாதிரி ஆகிவிடும். கீழே கிளார்க் ஒன்று எழுதியிருப்பார். அதற்கு அடுத்தவர் ‘மேற்கண்டது சரியல்ல’ என்று எழுதுவார். அவருக்கும் மேலே இருப்பவர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு மூன்றாவது வழி சொல்வார். அத்தனையும் படித்தால்தான் நடந்தது என்ன என்பது பிடிபடும். அப்போதும் முழுசாகப் பிடிபடாது. என் வேலையே இதுதான் என்பதால் பிடித்துப் போயிற்றோ என்னவோ.

தொல்லை என்னவென்றால் பிரதி ஒன்றுதான். முன்பு இப்படி ஒரு புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். பழனிச்சாமி அண்ணன் பொங்கலுக்கு முடித்தார். மேரி அக்கா கைக்கு வந்தபோது கத்திரி வெயில். பேச உட்கார்ந்த அன்று, கதாநாயகன் உயிரோடு இருக்கிறானா செத்துப் போனானா என்பதே அண்ணனுக்கு ஞாபகமில்லை.

3

“அதுக்கென்னுங்க, பார்ட் ஃபைல் போட்டுரலாமுங்க” என்றார் பழனிச்சாமி அண்ணன்.

அரசாங்க ஆபீஸ் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஃபைல் மேலே போய் மாட்டிக்கொண்டால் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக அதே விஷயத்துக்கு ஒரு கிளை ஃபைல் திறப்போம். அதுதான் பார்ட் ஃபைல். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மூல ஃபைலோடு சேர்த்துவிட வேண்டும். அண்ணன் சொன்னது, நாவலையே ஐந்து பார்ட் ஃபைலாகப் பிரிக்கலாம் என்று. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒரே மாதத்தில் எல்லோரும் படித்துவிடலாம்.

மேரி அக்கா நெஞ்சில் கை வைத்துவிட்டார். “புஸ்தகத்த வெட்டவா? பின்ன, நாளைக்கி எனக்க செபப் புஸ்தகத்தயும் கேப்பியளா?”

“வெட்டறது இல்லை மேரி, பிரிக்கறது. திரும்பச் சேர்த்துடுவோம்” என்றார் வெங்கட்ராமன் சார். அதற்குள் அவர் கையில் பிளேடும் இரும்பு ஸ்கேலும் வந்திருந்தன. இப்போது எல்லா ஃபைலும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஆனாலும் ஃபைல் கட்டுகிற பச்சைக் கயிற்று டேக் அவர் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டு இருந்தது. ஒவ்வோர் அத்தியாயமாக வெட்டி, ஆள்வாரியாக அடுக்கி, துளை போட்டு, டேக் கோத்து, ஐந்து கட்டு. பார்க்க அத்தனை லட்சணம்.

பிறகுதான் தெரிந்தது நாங்கள் செய்த காரியம். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு. கனகுவின் அத்தியாயம் முடிகிற தாளைத் திருப்பினால் அம்மாவின் அத்தியாயம் தொடங்குகிறது. அப்பா முடிகிற இடத்தின் முதுகில் மருமகள் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் ஆபீஸ் தாள்களில் ஒரு பக்கம்தான் எழுத்து இருக்கும், மறுபக்கம் வெள்ளை. ஆயுசு முழுவதும் அப்படியே பார்த்துப் பழகிய நாலு மேதைகளில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு அடுத்த பிளாக்குக்குக் கேட்டிருக்கும்.

வெங்கட்ராமன் சார் அசரவில்லை. யாருடைய அத்தியாயம் முடிகிறதோ அவருக்கு அசல் தாள், அடுத்தவருக்கு ஜெராக்ஸ். அசலின் பின்பக்கத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டு, ‘இப்பக்கம் தங்களுக்கு உரியதல்ல’ என்று எழுதி, கீழே சின்னதாக ஒரு கையொப்பம். எல்லாத் தாளிலும்.

யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கினோம். அப்பா வெங்கட்ராமன் சாருக்கு. பெரிய மகன் மேரி அக்காவுக்கு. மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பழனிச்சாமி அண்ணனுக்கு மருமகள். எனக்கு அம்மா. ஐந்தாவதாக எங்களோடு படித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வாரம்தான் கௌஹாத்திக்கு மாற்றல் வந்தது. கனகுவைப் படிக்க ஆளில்லை.

அந்தக் கட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைக் கையில் எடுத்தபோதே யாரிடம் கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

4

சங்கரி இங்கேயே பிறந்தவள். சின்ன வகுப்புகளில் லோதி ரோட்டில் தமிழ் சொல்லித் தரும் பள்ளிக்குப் போனாள்; பிறகு வேறு பள்ளி, வேறு சிநேகிதிகள். தமிழ் பேசுவாள். என் நெல்லைத் தமிழும் தில்லி இந்தியும் கலந்த ஒரு தினுசு. படிப்பது என்றால் எழுத்துக் கூட்டித்தான், அதுவும் அழைப்பிதழ் அளவு.

அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். “உங்க ஊருக்கே போறா, உனக்கென்ன கவலை?” என்றார்கள். எனக்கு அதுதான் கவலை. நான் எதை ஊர் என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்தேனோ, அந்த இடத்துக்கு அவள் பஸ் போர்டு படிக்கத் தெரியாத வெளியூர்க்காரியாகப் போய் இறங்கப் போகிறாள். அமெரிக்கா போயிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. கிளம்புவதற்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அவள் ஒரு தமிழ் நாவலைத் தொட்டாக வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்பது என் செக்‌ஷனில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

“நாவலா? அம்மா, ப்ளீஸ். இத்னா மோட்டா?” இவ்வளவு தடிமனா என்று கையை அகல விரித்துக் காட்டினாள்.

பச்சை டேக் போட்ட கட்டை அவள் முன்னால் வைத்தேன்.

“இவ்ளோதானா? பக்கா?”

“இவ்ளோதான் ஏட்டி. ஒரு பொண்ணு கதை. ஒன் வயசுதான். மத்தவங்க கதை மத்தவங்ககிட்ட இருக்கு, ஒனக்கு வேண்டாம்.”

எடுத்துப் புரட்டினாள். பென்சில் பெருக்கல் குறியைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நாள் வெளியே கிளம்பியபோது அவள் பைக்குள் அந்தக் கட்டு இருந்தது. அன்று சந்தோஷத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

இதற்கிடையில் நான் என் பங்கைப் படித்து முடித்திருந்தேன். அதில் உள்ள விஷயத்தை உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கனகு, அப்பாவின் சம்மதமில்லாமல் வெளியூரில் டீச்சர் வேலைக்குப் போகிறாள். விடிகாலையில், இன்னொரு கம்பெனியின் முதல் பஸ்ஸில். பெட்டியோடு தெருவில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள். அம்மா வாசலுக்கு வரவில்லை. அந்த வருத்தத்தைக் காலம் முழுவதும் சுமக்கிறாள். இது கனகு சொல்வது. அம்மா சொல்வது வேறு. அவள் விடிவதற்கு முன்பே கொல்லைப்புறக் குழாயின் திருகைக் கழற்றிவிட்டிருக்கிறாள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. புருஷனைக் கூப்பிட்டு, கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, அங்கே பிடியுங்கள், இங்கே அடையுங்கள் என்று அவனைக் கொல்லையிலேயே நிறுத்தி வைக்கிறாள், பஸ் ஹாரன் கேட்டு அடங்குகிற வரைக்கும். தான் வாசலுக்குப் போனால் அவனும் பின்னால் வந்துவிடுவான். அதனால் போகவில்லை.

அதை மெட்ரோவில் படித்தேன். அழுதுவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த பெண், “ஆண்ட்டி, சப் டீக் ஹை?” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். டீக் ஹை, எல்லாம் சரிதான் என்றேன்.

5

வெங்கட்ராமன் சார் ஒரு விதி போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாத்திரம். அவரவர் ‘நான்’ என்று சொல்லித்தான் பேச வேண்டும். மற்றவர்கள் கேட்கலாம், தன் கட்டில் இருப்பதைத் தன் முறை வருமுன் சொல்லக் கூடாது. முதல் வாரம் கனகு. கடைசி வாரம் அம்மா.

சங்கரி வந்தாள். கட்டு முழுவதும் முடியவில்லை, கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி என்று ஒளிக்காமல் சொன்னாள். “நான் கனகு” என்று ஆரம்பித்தாள்.

“மத்லப், அதாவது, நான் பெட்டி எடுத்துட்டு ரோட்ல நிக்கறேன். அண்ணா தூங்கறான். மதினி பாத்துட்டு பாக்காத மாதிரி உள்ள போயிட்டா. அச்சா, ஓகே. ஆனா அம்மா? ஒரு நிமிஷம் வாசலுக்கு வந்திருக்கலாம்ல?”

“அம்மிணி, நான் எங்கீங்க பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போனேன்?” என்று மருமகள் கட்டை வைத்திருந்த பழனிச்சாமி அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “எம்பட கட்டுல அப்படி இல்லீங்க!”

“பழனிச்சாமி, உங்க டர்ன் வரச்சே பேசுங்கோ. இப்போ கனகுவை மட்டும் கேப்போம்” என்றார் வெங்கட்ராமன் சார்.

சங்கரி அண்ணனைக் கவனிக்கவே இல்லை. என் பக்கம் திரும்பினாள். “நீங்கதானே அம்மா? சொல்லுங்க. ஏன் வரல?”

வீட்டில் அவள் என்னை நீ என்றுதான் சொல்வாள். அந்த ‘நீங்க’ என்னை உலுக்கிவிட்டது. அவள் குரலில் விளையாட்டு இல்லை. கண் கலங்கியிருந்தது. தமிழ் படித்து என் மகள் கோபப்படுகிறாள் என்று ஒரு பக்கம் கொண்டாட்டம்; அந்தக் கோபம் என் மேல் பாய்கிறதே என்று இன்னொரு பக்கம் தவிப்பு. வாயைத் திறந்தேன்.

“கோமதி, சொல்லப்படாது” என்றார் சார்.

“அந்தப் பிள்ளைக்க மொகத்தப் பாருங்க. சொல்லிக் குடுத்தா என்னவாம்?” என்றார் மேரி அக்கா.

“என் முறை வரட்டும்” என்று மட்டும் சொன்னேன். என் முறை வரும்போது அவள் சென்னையில் இருப்பாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வரைக்கும் பின்னாலேயே வந்தாள். “அம்மா, இப்போ சொல்லு. அந்த அம்மா ஏன் வரல?”

“சொல்ல மாட்டேன். எங்கிட்ட இருக்கு, எடுத்துப் படி.”

“நெக்ஸ்ட் வீக் நான் போறேன். பேக்கிங் இருக்கு. டூ லைன்ல சொல்லேன்.”

இரண்டு வரி. அவளுக்கு எல்லாவற்றையும் நான் இரண்டு வரியில்தான் கொடுத்திருக்கிறேன். சங்கரன்கோயில் இரண்டு வரி, ஆடித் தபசு இரண்டு வரி, நான் படித்து அழுத கதைகள் எல்லாம் சப்பாத்தி திரட்டிக்கொண்டே இரண்டிரண்டு வரி. அவளும் போதும் போதும் என்று வாங்கிக்கொண்டாள். ஊரில் எங்கள் வீட்டிலும் இப்படிக் கதையைச் சுருக்கிச் சொல்கிற ஒருத்தி இருந்தாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைப்போம். அக்காதான் முதலில் படிப்பாள். நான் கையை நீட்டுவதற்குள் “அவன் கடைசில செத்துப் போறான் ட்டி” என்று சொல்லிவிடுவாள். எத்தனை கதை அப்படிப் பாழாய்ப் போயிற்று. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. குழாயடியை நான் சொல்லிவிட்டால் சங்கரி ‘ஓ, நைஸ்’ என்பாள். அதோடு முடிந்துவிடும். இன்னொரு தமிழ்ப் பக்கத்தை அவள் ஏன் திருப்பப் போகிறாள்?

“சொல்ல மாட்டேன்” என்றேன் மறுபடியும்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. “நீயும் அந்த அம்மா மாதிரிதான். வாசலுக்கு வர மாட்ட.”

சுருக்கென்று தைத்தது. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

6

ரயிலடிக்குப் போய் வழியனுப்பினோம். வாசலுக்கு வராதவள் என்று பெயர் வாங்கிய நான் பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் நடந்தேன். அவள் கை அசைத்தாள், அவ்வளவுதான். அந்த வாசல் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வெங்கட்ராமன் சார் நாலு கட்டுகளை மேஜையில் வைத்து எண்ணிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “கனகு எங்கே?”

“சங்கரி கையோட எடுத்துட்டுப் போயிட்டா, சார். ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்காம்.”

“யாரைக் கேட்டுண்டு? சேர்க்க வேண்டிய ஃபைல் இல்லையோ அது?” என்று சிடுசிடுத்தார். கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு, “படிக்கறாளா?” என்றார்.

“படிக்கா, சார்.”

“அப்போ இருக்கட்டும்.”

நான் சொன்னது பொய்யோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவள் படிப்பதாக எந்தத் தகவலும் இல்லை. போனில் வந்ததெல்லாம் வேறு புகார்கள். ஆட்டோக்காரரை அண்ணா என்பதற்குப் பதில், பழக்கதோஷத்தில் இந்தியில் “பையா” என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் அவளிடம் இந்தியிலேயே பேசியிருக்கிறார். இவள் தமிழில் கேட்க, அவர் இந்தியில் பதில் சொல்ல, இறங்கும்வரை அப்படியே போயிருக்கிறது. ஹாஸ்டலில் அவளுக்கு ‘நார்த்’ என்று பெயர்.

“தில்லியில மதராசி, இங்க நார்த். அப்போ நான் யாரு அம்மா?”

கிளம்பி வந்துவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. “பஸ் போர்டப் படிச்சு ஏறுதியா, இல்ல யாரையும் கேட்டு ஏறுதியா?” என்றேன்.

“படிக்கறேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ் போயிடுது.”

“அடுத்த பஸ்ஸப் படி.”

வீட்டுக்காரர் என்னை ராட்சசி என்றார். இருந்துவிட்டுப் போகிறேன்.

இங்கே ஞாயிறுகள் ஓடின. அப்பா பேசினார், பெரிய மகன் பேசினான், பழனிச்சாமி அண்ணன் மருமகளாக ஒன்றரை மணி நேரம் புலம்பினார். கடைசியில் என் முறையும் வந்தது. நான் குழாயடியைச் சொன்னதும் மேரி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெங்கட்ராமன் சார், கதையில் அந்த ஏமாந்த அப்பா, வெகுநேரம் தன் கட்டைப் புரட்டிவிட்டு, “என் கட்டுல ஒரே ஒரு வரிதான் இருக்கு கோமதி. ‘அன்று காலை குழாய் உடைந்து தொல்லை கொடுத்தது.’ நான் அதைத் தாண்டிப் போயிட்டேன்” என்றார். எல்லோரும் இருந்தார்கள். கேட்க வேண்டியவள் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், ஆபீஸில் இருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட ஒரு பக்கம். கூடவே அவள் அழைப்பு.

“அம்மா, கனகு முடிஞ்சுட்டா. லாஸ்ட் பேஜோட பின்னால இது இருக்கு. நான் படிச்சுட்டேன்.”

“ஒனக்கு உரியதல்லன்னு எழுதிருக்குல்லா?”

“அதனாலதான் படிச்சேன்.” சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாயிருந்தது. “அது அம்மாவோட சாப்டர். அதே மார்னிங். அம்மா கொல்லைல குழாய்கிட்ட நிக்கறா, கையில டார்ச். அப்பாவும் அங்கதான் இருக்கார். அதோட பேஜ் முடிஞ்சுடுச்சு. அப்புறம் என்ன ஆச்சு?”

“அப்புறம் என்ன ஆச்சுங்கறது எங்கிட்ட இருக்கு.”

“தெரியும். நீ சொல்ல மாட்ட. அனுப்பு.”

படம் எடுத்து போனில் அனுப்பினால் அரை நிமிஷ வேலை என்றார் வீட்டுக்காரர். நான் மாட்டேன் என்றேன். போனில் போனால் போனே அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்துவிடும். தாளாகப் போனால் அவள்தான் எழுத்துக் கூட்ட வேண்டும். சாரிடம் அனுமதி கேட்டேன். “எடுத்துண்டு போ, எடுத்துண்டு போ” என்று விரட்டினார். பச்சை டேக்கை இறுக்கி முடிச்சுப் போட்டு உறையில் வைத்தேன். தபால் நிலையத்தில் அந்த மனிதர் தடவிப் பார்த்தது அதைத்தான்.

7

பார்சல் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. அதன் பிறகு நாவலைப் பற்றிப் பேச்சில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னை அறிந்தவர்களுக்குப் புரியும்.

போன ஞாயிறு சார் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அடுத்து என்ன படிப்பது என்று பேச்சு. போன் அடித்தது. சங்கரி. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். டம்ளர்களை ஒதுக்கிவிட்டு மேஜை நடுவில் போனை வைத்தேன்.

“அம்மா, ஒரு டவுட். திருகைக் கழற்றினேன்னு இருக்கு. நான் கரெக்டா படிச்சேனான்னு தெரியல. ரெண்டு தடவை படிச்சேன். குழாய அந்த அம்மாவே கழட்டி விட்டாங்களா?”

“சரியாத்தான் படிச்சிருக்க.”

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ ஹாரன் கேட்டது. மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது கனகுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“கடைசி வரைக்குமா? யாரும் சொல்லலியா?”

“அந்த அஞ்சு பேர்ல அம்மாவத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவும் சொல்லல. படிச்சவங்களுக்குத்தான் தெரியும்.”

மறுபடியும் ஹாரன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு அவள் மெல்லச் சொன்னாள். “அம்மா, அன்னிக்கு கிச்சன்ல உன்னை ஒண்ணு சொன்னேன்ல. அதை வாபஸ் வாங்கிக்கறேன்.”

நான் ஒதுக்கி வைத்த டம்ளர்களையே மறுபடியும் ஒதுக்கினேன். வெங்கட்ராமன் சார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பதிவு பண்ணிண்டாச்சு” என்றார்.

“அங்கிள், மதினி கட்டு யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்டத்தானுங்க அம்மிணி!” பழனிச்சாமி அண்ணன் போனை நோக்கிப் பாய்ந்தார். இந்தக் கேள்விக்காகவே அத்தனை மாதமும் காத்திருந்தார் மனிதர். “நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போகலீன்னு அன்னிக்கே சொன்னனில்லீங்க? நடந்தது என்னன்னா, அன்னிக்குக் காலைல...”

“சொல்லாதீங்க!” சங்கரி போட்ட கூச்சலில் சார் வீட்டு டம்ளர் அதிர்ந்தது. “யாரும் சொல்லக் கூடாது. அனுப்புங்க. நானே படிச்சுக்கறேன்.”

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மருமகள் கட்டை உறையில் போட்டுக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். அதே கவுண்டர், அதே மனிதர். உறையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஃபிர் ஆதி கிதாப்?” மறுபடியும் பாதியா என்றார்.

ஹாங் ஜி, ஆமாம் என்றேன். இன்னும் இரண்டு வரும் என்றும் சொல்லிவைத்தேன்.